அந்தப் பிள்ளையின் கையில் வெண்கட்டியைக் கொடாதே

பிள்ளை,

ஞாயிற்றுக்கிழமை உன்னை மல்லாவி பஸ்ஸில் ஏற்றிவிடச் சந்தியில் நின்றபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் "பஸ் வருது" என்றேன். பஸ் அப்போது வரவில்லை. அது வர இன்னும் நல்ல நேரம் இருந்தது. நீ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஐயாவின் முதுகுக்கு எண்ணெய் பூசுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாய். உனக்கு என்னைத் தெரியும். நாலு பேருக்கு நடுவில் என்னிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வராது என்பதும் தெரியும். அன்று நாலு பேர்கூட இல்லை. நீயும் நானும் ஒரு மாட்டுவண்டிக்காரனும்தான் நின்றோம். அப்படியும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ உன் பள்ளிக்கூடத்து மற்ற ரீச்சர்மாருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நிற்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

நீ கேட்டது ஹமீதாவைப் பற்றி. மல்லாவிச் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள், நாலாம் வகுப்பு, கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுகிற பிள்ளை என்றாய். "என்னட்டை மூண்டு வகுப்பு, சின்னம்மா. லீவு முடிஞ்சு போனவுடனை இரண்டாம் வகுப்பை அவளிட்டை விடலாமெண்டு நினைக்கிறன். லீவுக்கு முதல் ஒரு நாள் விட்டுப் பாத்தனான். வடிவாய்ச் செய்யிறாள். அவளின்ரை வாப்பாவுக்கும் நல்ல சந்தோசம், கடைக்கு வாறவைக்கெல்லாம் என்ரை மகள் ரீச்சரெண்டு சொல்லுறாராம்," என்றாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு நான் செய்தமாதிரித்தானே. என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாய். அதற்குத்தான் நான் பஸ் வருது என்றேன்.

லீவு முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. நீ அங்கே வகுப்புத் தொடங்குமுன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன் அம்மா, என் அக்கா, காய்ச்சலில் போனபோது நான் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. என்னைப் பெற்ற அப்பு புகையிலை விற்ற காசில் நான் படித்தேன். பட்டம் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கும் தெரியவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிய முன்னமே கதைத்து முடித்துவிட்டார்கள். குடியேற்றத்தில் காணி எடுத்துக்கொண்டு வந்த மனிசன், தனியாய்ப் பிள்ளையோடு என்ன செய்யும், தங்கச்சி இருக்கிறாள்தானே என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நான் அழவில்லை. உன் ஐயாவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் நாள் குசினிக்குள் அக்காவின் சட்டிகள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. நான் அவற்றை நிமிர்த்திச் சோறு வைத்தேன். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்போது ஆறு வயது. எனக்கு இருபத்திரண்டு. இப்போது நாம் சேர்ந்து போனால் புதியவர்கள் அக்கா தங்கை என்று நினைக்கிறார்கள். நீ என்னை முன்னர் கூப்பிட்டபடியே சின்னம்மா என்று கூப்பிட்டாய். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

அக்கராயன் குளத்துக்குக் கிழக்கே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. பட்டம் பெற்றவள் அரிவரிக்கு, 'அ' எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு, படிப்பிப்பதா என்று சிலர் சிரித்தார்கள். வேறு எங்கும் போக வழியில்லை. பெரிய கல்லூரிகள் எல்லாம் தூரம், நீ சின்னப் பிள்ளை, ஐயா விடிய முன்னமே வயலுக்குப் போய்விடுவார். உனக்கு அந்தக் கட்டடம் நினைவிருக்கும். கிடுகுக் கூரை, இடுப்பளவு மண்சுவர், ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். பெரிய வாத்தியாரும் நானும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் நெல் அருவி வெட்டுக் காலம் வந்தால் காய்ச்சல் என்று சொல்லி ஊருக்குப் போய்விடுவார். எனக்கு ஒரு மூலையில் அரிவரி, மற்ற மூலையில் நாலாம் ஐந்தாம் வகுப்புகள். அரிவரியில் ஒரு பிள்ளை மணலில் 'அ' எழுதி முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் தலையில் மணலைக் கொட்டும். நான் அங்கே ஓடுவேன். இங்கே ஐந்தாம் வகுப்பு எழும்பி நிற்கும்.

நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்கு வீட்டில் தெரியவில்லை. வீட்டில் நீ சத்தமில்லாத பிள்ளை. ஒரு நாள் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கரும்பலகைக்கு அந்தப் பக்கத்தில், இரண்டாம் வகுப்பிலிருந்து, "மூண்டிலொண்டு" என்று ஒரு குரல் வந்தது. நீதான். உன் வகுப்பு அப்போது திருக்கை மீனைப் பற்றிய பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது. நீ அதையும் வாசித்து இதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிழையென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. சரியென்றால் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுக்கிறாள் என்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு அந்த நாட்களில் பழக்கமாகிவிட்டது.

பெரிய வாத்தியார்தான் வழி சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணப் பஸ்ஸைத் தவறவிட்டால் மட்டும் கோபம் வரும். "பிள்ளை, நீர் பட்டதாரி, உமக்கு நான் என்னத்தைச் சொல்லிறது," என்று தொடங்கினால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "இந்தப் பெட்டைக்கு அந்த வகுப்புக் காணாது. சும்மா இருந்தால் குழப்படிதான் செய்யும். அரிவரியை அவவிட்டை விடும். உமக்கும் கை இளகும், அவவுக்கும் ஒரு பொறுப்பு வரும்." அவரும் சின்ன வயதில் அப்படித்தான் சட்டாம்பிள்ளையாக நின்றவர். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் நான் வரலாறு படித்தேன். வகுப்பில் உள்ள மற்றவர்களைவிட நாலு அடி முன்னால் நிற்கிற ஒரு பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் அங்கே சொல்லித் தரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை உன் கையில் கொடுத்தேன். நீ தலைமயிரை என்னைப்போல இழுத்துக் கட்டினாய். ஒரு கிழமைக்குள் உன் குரல் என் குரலாக மாறிவிட்டது. நான் "கையைக் கட்டுங்கோ" என்று சொல்வதுபோலவே நீயும் கடைசிச் சொல்லை இழுத்தாய். ஒரு வாய்க்கால் ஓரத்துப் பூவரசங்கம்பும் வைத்திருந்தாய். அடிக்கமாட்டாய், பிள்ளைகள் இருக்கிற வாங்கில் தட்டுவாய். அரிவரி அமைதியானது. நான் ஐந்தாம் வகுப்பைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தேன். கை உண்மையிலேயே இளகியது. வழியில் கண்ட தாய்மார் எல்லாம் உன்னைச் சின்ன ரீச்சர் என்றார்கள். பக்கத்துக் காணிப் பொன்னம்மாக்கா மட்டும் கிணற்றடியில் என்னை விடமாட்டா.

"என்ன ரீச்சர், உங்கடை பெட்டைக்குச் சம்பளம் ஆர் குடுக்கினம்? அரசாங்கமோ, நீங்களோ?"

நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

"செத்தவளின்ரை பிள்ளையைக் கொண்டு வேலை வாங்கிறா எண்டு நான் சொல்லேல்லை, ரீச்சர். சனம் சொல்லுது."

"சனம் ஆரக்கா?" என்று கேட்டது நான் இல்லை. பின்னால் தண்ணீர்க் குடத்தோடு வந்த நீ. "இந்தக் கிணத்தடியிலை நீங்களும் நாங்களும்தானே நிக்கிறம்?"

பொன்னம்மாக்கா விழுந்து விழுந்து சிரித்தா. "அம்மாடி, வாய்க்கு மட்டும் சின்னம்மாவிட்டைப் படிக்கேல்லை," என்றா. அந்தக் குத்து எனக்குத்தான். நீ அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தாய் என்பதற்காக இதை எழுதுகிறேன். மறந்திருப்பாய்.

அவ சொன்னது என்னுள்ளே கிடந்தது. உன்னை முன்னுக்குத் தள்ளினால் தன் வீட்டுப் பிள்ளை என்பார்கள். பின்னுக்கு வைத்தால் மாற்றாந்தாய் என்பார்கள். சின்ன ரீச்சராக நிறுத்தினால் முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை, எல்லோருக்கும் பயன். அப்படி ஒரு இடத்தில் உன்னை நான் வைத்தேன். அங்கே வைத்ததால் உனக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற வேலை எனக்கு இல்லாமல் போனது.

பார்க்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. நான் எதையும் கவனிக்கிறவள்தான். பேசமாட்டேனே தவிரப் பார்ப்பேன். நாலாம் வகுப்பில் நீ மெதுவாக எழுதத் தொடங்கியதைப் பார்த்தேன். கணக்கைச் செய்து முடித்துவிட்டு, முடித்ததைக் காட்டாமல், எட்டுக்கு மேல் எட்டாக எழுதி இலக்கங்களைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தாய். முடித்தால் அரிவரிக்குப் போகவேண்டும். உன் கூட்டாளிகள் உன்னைவிட்டு மெல்ல விலகியதையும் பார்த்தேன். இடைவேளையில் பாலை மரத்தடியில் அவர்கள் விளையாடுவார்கள். நீ போனால் ஒருத்தி, "சின்ன ரீச்சர் வாறா, கையைக் கட்டுங்கோ," என்பாள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நீயும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்து, அரிவரிப் பிள்ளைகள் எண்ணிப் பழகுகிற புளியங்கொட்டைகளை எடுத்து டப்பாவில் போடுவாய். நான் மண்டபத்துக்குள் இருந்து கொப்பி திருத்திக்கொண்டு இதைப் பார்ப்பேன். பிறகு அடுத்த கொப்பியை எடுப்பேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற வித்தியாதரிசி வந்தார். பெரிய வாத்தியார் உன்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் அதுதான் நடக்கும். நீ பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாய், வந்தவர் தலையை ஆட்டுவார், எழுதுவார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். இவர் வாய்ப்பாட்டைக் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஒரு குளத்துக்கு இரண்டு துருசு. பெரிய துருசை மட்டும் திறந்தால் மூண்டு நாளிலை குளத்துத் தண்ணி முழுக்க வாய்க்காலுக்குப் போயிடும். சின்னத் துருசை மட்டும் திறந்தால் ஆறு நாள். இரண்டையும் ஒண்டாய்த் திறந்தால் எத்தினை நாள்?" ஐந்தாம் வகுப்பு ஒரே குரலில் ஒன்பது என்றது. பெரிய வாத்தியார் மெல்ல, நாலரையாக்கும் என்றார். நீ மட்டும், "தெரியாது," என்றாய். அவர், "தெரியாதெண்டு சொன்ன பிள்ளை நீ ஒராள்தான். யோசி," என்று சொல்லிவிட்டு அரிவரிக்கு நகர்ந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வரும்போது நீ வாய்க்கால் வரம்பில் துள்ளித் துள்ளி வந்தாய். எனக்கு விளங்கவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி நின்ற பிள்ளை வெட்கப்படும் என்று நான் நினைத்தேன், நான் அப்படித்தான். நீ சந்தோசமாக இருந்தாய். சோறு தின்னும்போது ஐயாவிடம் அந்தக் கணக்கைச் சொன்னாய்.

"இரண்டு துருசையும் ஒண்டாய்த் திறந்தால்," என்று ஐயா சொன்னார், "முதல்லை அடிபிடிதான் வரும். மேல் வாய்க்காலுக்கு ஏன் கூடவெண்டு கீழ் வாய்க்கால்காரன் மண்வெட்டியோடை வருவான்."

"அது பிறகு, ஐயா. தண்ணி முடிய எத்தினை நாள்?"

"அடிபிடி முடியத்தான் தண்ணி முடியும், மோனை."

நீ சிரித்துச் சோறு புரைக்கேறியது. அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன் வீட்டில் கேட்டதில்லை. அதன் பிறகும் அதிகம் கேட்டதில்லை. அடுத்த நாட்களில் முற்றத்து மணலில் பெட்டி பெட்டியாகக் கீறிக்கொண்டிருந்தாய். நான் கூட்டும்போது அவை அழிந்தன. நீ திரும்பவும் கீறினாய். இப்போது நினைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள் தொடக்கம் உனக்குத் தெரியாத ஒன்றை யாரும் உன்னிடம் கேட்டிருக்கவில்லை. அந்த மனிதர் ஒருவர்தான் கேட்டார். அவரும் போய்விட்டார்.

ஒரு காலை பள்ளிக்கூடத்தில், மணி அடித்த கையோடு, நீ என் மேசைக்கு ஓடி வந்தாய். "சின்னம்மா," என்றாய். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். நீ ஒரு நாளும் அதை மறந்ததில்லை, அன்று மறந்துவிட்டாய். "இரண்டு நாள். ஆறு நாளுக்குப் பெரிய துருசு இரண்டு குளத்தை வத்தப் பண்ணும். சின்னத் துருசு ஒரு குளத்தை. அப்ப ஆறு நாளுக்கு மூண்டு குளம். ஒரு குளத்துக்கு இரண்டு நாள்." மூச்சு விடாமல் சொன்னாய். பிறகு, "ஆனால் சின்னம்மா, திறந்திருக்கேக்கை மழை பெய்தால்?" என்றாய். எனக்குப் பின்னால் அரிவரியில் யாரோ அழுதார்கள். ஐந்தாம் வகுப்பு எழும்பி நின்றது. நான் சொன்னேன், "சரி சரி, ரீச்சரெண்டு கூப்பிடு. போய் அரிவரியைப் பார்." வெண்கட்டியை எடுத்து நீட்டினேன். நீ அதை வாங்கிக்கொண்டு போனாய். நடந்தது இவ்வளவுதான். ஒரு பேச்சும் இல்லை, ஏச்சும் இல்லை. அதன் பிறகு நீ முற்றத்தில் ஒன்றும் கீறவில்லை.

அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. தேறினால் மத்திய கல்லூரியில் விடுதியும் சாப்பாடும் இலவசம். நாங்கள் இருந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை மேலே படிக்க அதைவிட்டால் வேறு வழி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நீ தேறுவாய் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பெரிய வாத்தியார் உன் விடுதிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். கிளிநொச்சிக்கு உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பரீட்சை நடந்த மண்டபத்துக்கும் நம்முடையதைப்போல அரைச்சுவர்தான். பெற்றோர் எல்லாம் வெளியே மரத்தடியில் நின்றோம். நீ மூன்றாவது வரிசையில், சுவர் ஓரமாக இருந்தாய். உன் பின்னல் எனக்குத் தெரிந்தது.

நீ மற்றவர்களுக்கு முன்னதாக முடித்தாய். பேனையை வைத்தாய். சுற்றிப் பார்த்தாய். பக்கத்து வரிசையில் ஒரு பிள்ளை, பூநகரிப் பக்கம் என்று பிறகு சொன்னார்கள், தாளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. நீ எழும்பினாய். பாவாடையைத் தட்டிச் சரிப்படுத்திவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்து நின்று, விரலால் தாளைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் பார்த்த காட்சி அது. முடித்துவிட்டாள், இனி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு மூச்சளவு நேரம் அது எனக்குச் சரியாகவே இருந்தது. பிறகுதான் இது பரீட்சை என்பது எனக்கு உறைத்தது.

மேற்பார்வைக்கு நின்றவர் உன் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். அவரில் பிழை இல்லை. அழுத பிள்ளையை அவர் ஒன்றும் செய்யவில்லை, அது தொடர்ந்து எழுதியது. உன் தாளை மட்டும் எடுத்து வேறாக வைத்துவிட்டார். மரத்தடியைப் பார்த்து, "இது ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலக் கையை உயர்த்தினேன்.

"சோதினையெண்டால் என்னெண்டு பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்றார். "எழும்பிப் போய்ப் படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறா."

நான், "ஓம்," என்றேன்.

"என்ன ஓம்? சொல்லிக் குடுத்ததோ இல்லையோ?"

"ஓம்," என்றேன் திரும்பவும்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நின்றிருக்க வேண்டும். சொல்ல எனக்கு எல்லாம் இருந்தது. ஐயா, நான் இவவின்ரை ரீச்சர், இவ செய்தது களவு இல்லை, முடிச்சவுடனை மற்றப் பிள்ளையளைப் பார் எண்டு நான்தான் பழக்கினனான், இவவுக்குச் சோதினைக்கும் வகுப்புக்கும் வித்தியாசம் தெரியாது, தாளிலை இருக்கிறது எல்லாம் இவ தானாய் எழுதினது. சொல்லியிருந்தால் அவர் தாளைச் சேர்த்திருப்பாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. பட்டம் பெற்ற வாய் அது. திறக்கவில்லை. மற்றப் பெற்றோர் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நீ அழவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, "அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியேல்லை, சின்னம்மா," என்றாய். பஸ்ஸில் நெடுநேரம் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாய். முறிகண்டி தாண்டிய பிறகு, மிக மெதுவாக, "நான் அந்தப் பிள்ளைக்கு அடிக்கேல்லை," என்றாய். அடித்ததாக நினைத்துத்தான் அந்த மனிதர் கோபித்தார் என்று நீ நினைத்திருக்கிறாய். நான் உனக்கு அதை விளங்கப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைத் துடைத்தேன். ஐயா கேட்டதற்கு, "சரிவரேல்லை," என்றேன். அவர் உன் தலையைத் தடவிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வெண்கட்டியை நான் உன்னிடம் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்து அல்ல, கொடுக்கக் கை வரவில்லை. நீயே வந்து மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாய். எட்டாம் வகுப்பு முடியும்வரை எடுத்தாய். பிறகு நீ கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய்ப் படித்து, தேறி, ரீச்சர் நியமனம் கிடைத்தபோது ஊரே சொன்னது, அவ அந்த வயதிலேயே ரீச்சர்தானே என்று. பொன்னம்மாக்காகூட, "இனியாவது சம்பளம் வரும்," என்று சொல்லி உன்னைக் கட்டிப் பிடித்தா. நீ நல்ல ரீச்சர். நான் வந்து பார்த்தேன், எனக்குத் தெரியும். ஆனால் நியமனக் கடிதம் வந்த அன்று நீ அதை வாசித்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, உலை கொதிக்குது சின்னம்மா என்றாயே, அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அக்காவின் சட்டிகளை நிமிர்த்தி வைத்தபோது எனக்கு இருந்திருக்கக்கூடிய முகம். நீ கோபமாக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீ கோபமாகவும் இல்லை.

ஆகவே ஹமீதாவைப் பற்றி. அந்தப் பிள்ளையின் கையில் வெண்கட்டியைக் கொடாதே. பக்கத்தில் இருக்கிற கூட்டாளிக்கு அவள் தன்பாட்டில் ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் விடு, பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் ஒரு வகுப்பின் பாரத்தை அவளிடம் வைக்காதே. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குழப்பினால் குழப்பட்டும், நீ ஓடிப் போய்ப் பார், உனக்கு அதற்குச் சம்பளம் வருகிறது. அவளுடைய வாப்பாவுக்கு மனம் நோகாமல் சொல்லு. மகள் ரீச்சராக இன்னும் காலம் இருக்கிறது, இப்போதைக்கு அவள் படிக்கிற பிள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லு. அவர் கடைக்காரர், நட்டம் எது லாபம் எது என்று விளங்கிக்கொள்வார். முடித்துவிட்டாள் என்பதற்காக அதே மாதிரிக் கணக்கில் இன்னும் பத்தைக் கொடாதே, அதுவும் ஒரு தண்டனைதான். அவள் மெதுவாக எழுதத் தொடங்கினால், இலக்கங்களைத் தடிப்பாக்கினால், எழுத்து அழகாகிறது என்று சந்தோசப்படாதே. வித்தியாதரிசி வந்தால் அவளை எழுப்பி நிறுத்தாதே. அவளுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிக் கொடு. உனக்கும் தெரியாததாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் விடையோடு ஓடி வருகிற நேரம் எப்போதும் வசதியில்லாத நேரமாகத்தான் இருக்கும். அழுகிற பிள்ளை அழட்டும், வகுப்பு எழும்பி நிற்கட்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை கேள். முறை தவறிக் கூப்பிட்டால் திருத்தாதே.

இதையெல்லாம் நான் உனக்குச் செய்யவில்லை, எனவே செய்து பார்த்து எழுதவில்லை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

நீ போன பிறகு நேற்று மத்தியானம், ஐயா வயலில் இருந்தபோது, முற்றத்தில் இருந்து அந்தத் துருசுக் கணக்கை ஈர்க்கால் மணலில் செய்து பார்த்தேன். பெட்டி பெட்டியாகக் கீறித்தான் செய்தேன், எனக்கு வேறு முறை தெரியவில்லை. இரண்டு நாள். நீ அன்று சொன்னது சரி, பிள்ளை. நீ வந்து சொன்னபோது அது சரியோ பிழையோ என்று எனக்கே தெரியாது. அதனால்தான் சரி சரி என்றேன்.

மழை பெய்தால் என்ன என்று கேட்டாய். அதற்கும் இருந்து பார்த்தேன். மழை எவ்வளவு, அது எத்தனை நாள் பெய்யும், குளத்துக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கொஞ்சத் தூரம் போனேன், அதற்கப்பால் எனக்குப் போகத் தெரியவில்லை. மணலை நான் கூட்டவில்லை, அப்படியே கிடக்கிறது. அந்தக் கேள்வியை ஹமீதாவிடம் கொண்டுபோ. விடையைச் சொல்லிக் கொடுக்கப் போகாதே. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவளைக் கூட்டிப்போக வாப்பா வரும்வரை, அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து நீயும் செய்.

சின்னம்மா